பசியின் கணக்கு – 9: நான்கு ஊர்கள், இரண்டு கோப்பைகள்

சென்ற வாரம் குவாத்தமாலா நகரில் நின்றிருந்தோம். 1949இல் அங்கே தொடங்கப்பட்ட மத்திய அமெரிக்க, பனாமா ஊட்டச்சத்து நிறுவனம் சுருக்கமாக ‘இன்காப்’ எனப்பட்டது. அதன் முதல் இயக்குநர் நெவின் ஸ்க்ரிம்ஷாவும், அறிவியலாளர் ரிக்கார்டோ பிரெஸ்ஸானியும் மக்காச்சோள மாவோடு பருத்திக்கொட்டை மாவைச் சேர்த்து, பால் வாங்க வழியில்லாத வீடுகளுக்காக ‘இன்காபரினா’ என்ற மலிவான சத்துமாவை உருவாக்கியதைப் பார்த்தோம்.

மாவு தயார். அது சவலைக் குழந்தையைத் தேற்றும் என்பதும் தெரிந்தாகிவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. சிறு வயதில் சத்தில்லாமல் வளர்ந்த குழந்தையின் உடல் மட்டும்தான் குறுகுகிறதா, அறிவும் சேர்ந்து குறுகுகிறதா?

புரதம் என்ற ஒற்றை விடை

1960களில் ஏழை நாட்டுக் குழந்தைக்கு என்ன குறை என்று ஊட்டச்சத்து அறிஞர்களைக் கேட்டால், பெரும்பாலோர் புரதம் என்றே சொல்வார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது. கால் வீங்கி, முடி நிறம் மங்கி, எதிலும் நாட்டமில்லாமல் கிடந்த சவலைக் குழந்தைக்குப் பால் கொடுத்தால் தேறியது. குட்டிப் பருவத்தில் புரதம் குறைந்த விலங்குகளின் மூளை சரியாக வளரவில்லை என்று ஆய்வுக்கூடங்கள் சொல்லின. 1968இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை, வரவிருக்கும் ‘புரத நெருக்கடி’யைத் தடுக்க உலகம் முனைய வேண்டும் என்று எச்சரித்தது. உலகின் பாதிக் குழந்தைகள் மந்த புத்தியோடு வளர்ந்துவிடுவார்களோ என்ற அச்சம் உண்மையாகவே இருந்தது.

மாறுபட்ட குரல்களும் எழுந்தன. அவற்றுள் ஒன்று நமக்கு அண்மையிலிருந்து வந்தது. சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணி தொடங்கிய சி. கோபாலன், அந்தக் கூடம் ஹைதராபாத்துக்கு மாறிய பின்னும் ஒரே கருத்தை வலியுறுத்தினார். தானியமும் பருப்பும் உண்ணும் இந்தியக் குழந்தைக்கு முதல் குறை உணவின் அளவுதான். போதுமான அளவு சாப்பிட்டாலே தேவையான புரதத்தில் பெரும்பகுதி தானாகக் கிடைத்துவிடும் என்றார். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பில் இருந்த புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மேயும் எண்களை வைத்து இதையே வாதிட்டார். ஆனால் அந்த ஆண்டுகளில் நிதியும் கவனமும் புரதத்தின் பக்கமே போயின. குவாத்தமாலாவில் இன்காப் தொடங்கவிருந்த ஆய்வும் அந்த நம்பிக்கையின் குழந்தைதான்.

குளிர்ந்த பானம் எதற்கு?

1968 வாக்கில் இன்காப் குழுவினர் கிழக்குக் குவாத்தமாலாவில் ஏறக்குறைய 300 ஊர்களை ஆராய்ந்து, எல் ப்ரோக்ரேசோ மாவட்டத்தில் நான்கைத் தேர்ந்தெடுத்தார்கள். கோனகாஸ்தே, சாந்தோ தோமிங்கோ இரண்டும் சுமார் 900 பேர் வாழ்ந்த ஊர்கள். சான் ஹுவான், எஸ்பிரிது சாந்தோ இரண்டும் சுமார் 500 பேர் கொண்ட சிற்றூர்கள். நான்கிலும் வறண்ட நிலம், மக்காச்சோளமும் பீன்ஸும் சாப்பாடு, பேச்சுமொழி ஸ்பானிஷ். குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்க ஒரே மொழியில் கேள்வி கேட்க வேண்டுமே! பல மாயா மொழிகள் பேசும் மேட்டுநில ஊர்களில் அது முடியாது. அமெரிக்காவின் தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவனம் நிதி கொடுத்தது.

பெரிய ஊர் ஒன்றுக்கும் சிறிய ஊர் ஒன்றுக்கும் ‘அதோலே’ என்ற கஞ்சி. மற்ற இரண்டு ஊர்களுக்கும் ‘ஃப்ரெஸ்கோ’ என்ற இனிப்புப் பானம். அதோலேயில் இன்காபரினா, கொழுப்பு நீக்கிய பால்பொடி, சர்க்கரை. 180 மில்லி கோப்பை ஒன்றில் 163 கலோரியும் 11.5 கிராம் புரதமும் இருந்தன. ஃப்ரெஸ்கோவில் சர்க்கரையின் 59 கலோரி மட்டும். புரதம் துளியும் இல்லை. 1971 அக்டோபரிலிருந்து வைட்டமின்களும் தாதுக்களும் இரண்டிலும் சமமாகக் கலக்கப்பட்டன. அதோலே சூடாக வரும். வெளிறிய சாம்பல் பச்சை நிறம், நாக்கில் லேசாக நறநறக்கும். ஃப்ரெஸ்கோ குளிர்ச்சியாக, பழச்சாறு போல வரும்.

புரதமில்லாத அந்தக் குளிர்ந்த பானத்தை ஏன் கொடுத்தார்கள் என்பதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. முற்பகலிலும் பிற்பகலிலும் ஊர் நடுவே ஒரு கூடம் திறக்கும். தாய்மார் குழந்தைகளோடு வருவார்கள், பேசுவார்கள், குழந்தைகள் புது முகங்களைப் பார்ப்பார்கள், யாரோ ஒருவர் அவர்களைக் கவனிப்பார். இதுவே குழந்தையின் அறிவைத் தூண்டிவிடலாம். கஞ்சி கிடைத்த ஊர்க் குழந்தைகள் பிறகு நன்றாகப் படித்தால், அது கஞ்சியாலா, கூடத்துக்கு வந்துபோன பழக்கத்தாலா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் ஃப்ரெஸ்கோ ஊர்களிலும் அதே கூடம், அதே நேரம், அதே உபசரிப்பு. பானம் மட்டும் வேறு. மருத்துவமும் அப்படியே. நான்கு ஊர்களுக்கும் ஒரே மாதிரி இலவசச் சிகிச்சையும் தடுப்பூசியும் கிடைத்தன. 1959 முதல் 1964 வரை மேட்டுநிலத்தில் இன்காப் நடத்திய ஆய்வில் ஓர் ஊருக்கு உணவும், ஓர் ஊருக்கு மருத்துவமும் கொடுத்து, ஓர் ஊரை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள். வகைக்கு ஓர் ஊர்தான் என்னும்போது எது எதனால் நடந்தது என்று பிரிப்பது கடினம். அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் வகுத்த திட்டம் இது.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். வீடு வீடாகப் பிரித்து ஒரு குழந்தைக்குக் கஞ்சியும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பானமும் கொடுக்கவில்லை. ஊர் முழுவதற்கும் ஒன்றே. யார் வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் எவ்வளவு குடித்தார்கள் என்பது மட்டும் எழுதப்பட்டது. கோப்பையில் மிச்சம் வைத்ததை அளந்து கழித்து, 10 மில்லி வரை துல்லியமாக. 1969 முதல் 1977 வரை, நாளுக்கு இரண்டு வேளை, நான்கு ஊர்களில், குழந்தை குழந்தையாக. இந்தப் பதிவேடுதான் இன்றைய அத்தியாயத்தின் நாயகன் என்பேன்.

அடித்தளம் ஆடிய ஆண்டுகள்

ஆய்வு பாதி வழியில் இருந்தபோதே அதன் கருதுகோள் சரியத் தொடங்கியது. உணவு, வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழுவின் அறிக்கை 1973இல் வெளிவந்து, மனிதருக்குத் தேவையான புரத அளவைக் குறைத்தது. மறு ஆண்டே ‘லான்செட்’ மருத்துவ இதழில் டொனால்ட் மக்லாரன், புரத நெருக்கடி என்ற பேச்சையே மாபெரும் தோல்வி என்று வருணித்துக் கட்டுரை எழுதினார். எண்கள் வரவர எல் ப்ரோக்ரேசோவின் பதிவேடும் அதே பக்கம் சாய்ந்தது. ஆரோன் லெச்டிக், ழான்-பியர் ஹாபிஷ்ட், ராபர்ட் கிளைன் குழுவினர் 1975இல் வெளியிட்ட ஆய்வு கருவுற்ற பெண்களைப் பற்றியது. கர்ப்ப காலத்தில் மொத்தம் 20,000 கலோரிக்கு மேல் கூடுதலாகப் பருகிய தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. அந்தக் கலோரி புரதமுள்ள கஞ்சியிலிருந்து வந்ததா, வெறும் சர்க்கரைப் பானத்திலிருந்து வந்ததா என்பது பிறப்பு எடையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பசித்த தாய்க்குத் தேவைப்பட்டது உணவு. எந்த உணவு என்பது அடுத்த கேள்வி.

1976 பிப்ரவரி 4 அதிகாலையில் நிலம் குலுங்கியது. குவாத்தமாலாவில் சுமார் 23,000 பேரைக் கொன்ற அந்தப் பூகம்பத்துக்குக் காரணமான மோத்தாகுவா பிளவு எல் ப்ரோக்ரேசோ மாவட்டத்தின் ஊடாகத்தான் செல்கிறது. மறு ஆண்டு, 1977இல், திட்டமிட்டபடி கூடங்கள் மூடப்பட்டன.

அன்று யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால், தவறான கேள்வியோடு தொடங்கி முடிந்துபோன ஒரு பெரிய செலவு என்று எழுதியிருக்கக்கூடும். நான் அதை மறுக்கிறேன். கருதுகோள் தவறாகப் போவது ஆய்வில் அன்றாடம் நடப்பதுதான். கருதுகோளுக்குச் சாதகமானதை மட்டும் பதிந்துவைத்திருந்தால் அதோடு பதிவேடும் செத்திருக்கும். இங்கே புரதத்தை மட்டும் எழுதிவைக்காமல், எந்தக் குழந்தை, எந்த வயதில், எத்தனை மில்லி குடித்தது என்று எழுதினார்கள். அதனால் கேட்கப்படாத கேள்விக்கும் அந்த ஏட்டில் விடை இருந்தது.

அந்த விடையின் பெயர் வயது. மூன்று வயது முடியும்போது அதோலே ஊர்க் குழந்தைகள் ஃப்ரெஸ்கோ ஊர்க் குழந்தைகளைவிட ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். பின்னாளில் இன்னும் நுணுகிப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 100 கலோரி கூடுதலாகக் குடித்த குழந்தை முதல் ஆண்டில் 9 மில்லிமீட்டரும், இரண்டாம் ஆண்டில் 5 மில்லிமீட்டரும், மூன்றாம் ஆண்டில் 4 மில்லிமீட்டரும் கூடுதலாக வளர்ந்தது தெரிந்தது. மூன்று முதல் ஏழு வயது வரை அதே கஞ்சி வளர்த்தியில் எதையும் கூட்டவில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தை வேகமாக வளர்கிறது. எடைக்கு ஏற்ப அதன் தேவை அதிகம், வயிறோ சின்னது. நீர்த்த சோளக்கஞ்சியால் வயிறு நிரம்பிவிடும், தேவை நிரம்பாது. இதற்கு நடுவே வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வந்து உள்ளே போனதையும் வெளியே தள்ளும். மூன்று வயது கடந்த பிள்ளை வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு இயல்பான வேகத்தில் வளரும். ஆனால் அதுவரை இழந்த உயரம் திரும்பி வருவதில்லை.

தேடிப் போனவர்கள்

1988–89இல், 1970களில் இன்காப்பில் பணியாற்றிய ரெய்னால்தோ மார்தொரெலின் தலைமையில் ஒரு குழு அந்த ஊர்களுக்குத் திரும்பியது. குழந்தைகள் அப்போது 11 முதல் 27 வயது வரை உள்ளவர்கள். வாசிப்பு, சொல்லறிவு, கணக்கு, பொது அறிவு என்று சோதித்தார்கள். எர்னெஸ்டோ பாலிட்டும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட முடிவுகளில் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஃப்ரெஸ்கோ ஊர்களில் வழக்கம்போல வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முன்னே, ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்னே. சிறு வயதிலேயே கஞ்சி கிடைத்த அதோலே ஊர்களில் அந்த இடைவெளி மறைந்திருந்தது. மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இணையாக எழுதியது. பள்ளியில் கூடுதல் ஆண்டுகள் படித்தவர்களிடம் கஞ்சியின் பயன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகு 2002 முதல் 2004 வரை, இந்தக் கதையில் பொருளாதார அறிஞர்கள் நுழைந்தார்கள். ஜான் ஹாடினாட், ஜான் மலூசியோ, ஜெரி பெர்மன் ஆகியோர் மார்தொரெலோடும் ரஃபேல் ஃப்ளோரஸோடும் இணைந்தார்கள். 1969–77இல் பதிவான 2,392 குழந்தைகளில் 1,424 பேரிடமிருந்து பொருளாதார விவரம் திரட்டப்பட்டது. அப்போது அவர்களுக்கு 25 முதல் 42 வயது. ஊரிலேயே இருந்தவர்களோடு தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர்களும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி?

2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை அதோலே கிடைத்த ஆண்கள், மணிக்கு 0.67 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அது சராசரிக் கூலியில் 46 சதவீத உயர்வு. மூன்று வயதுக்குப் பிறகே கஞ்சியைக் கண்டவர்களிடம் இந்த உயர்வு இல்லை.

எழுந்த கேள்விகள்

இதை ஏற்கத் தயங்குபவர்களின் முதல் வாதம் வலுவானது. நான்கே ஊர்கள், வகைக்கு இரண்டு. ஓர் ஊருக்கு நல்ல ஆசிரியர் வாய்த்திருக்கலாம், பக்கத்தில் வேலை கிடைத்திருக்கலாம். அதைக் கஞ்சியின் கணக்கில் எழுதிவிட்டால்? ஊருக்கு ஊர் மட்டும் ஒப்பிட்டிருந்தால் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. ஆனால் கஞ்சி தொடங்கியபோது ஏற்கெனவே நான்கு, ஐந்து வயதைத் தொட்டிருந்த பிள்ளைகளும், கூடம் மூடுவதற்குச் சற்று முன் பிறந்தவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே ஆசிரியர், அதே சாலை, அதே சந்தை. அவர்களையும் உரிய வயதில் கஞ்சி குடித்தவர்களையும் ஊருக்குள்ளேயே ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டை ஃப்ரெஸ்கோ ஊர்களின் வேறுபாட்டோடு ஒப்பிட்டார்கள். ஊரின் அதிர்ஷ்டம் ஊர் முழுவதையும் தொடும். இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்டுகளை மட்டும் அது தேர்ந்தெடுத்துத் தொடுவதற்குக் காரணம் சொல்வது கடினம். இந்தப் பதில் சந்தேகத்தை முற்றாகத் துடைக்காது. நான்கு ஊர் நான்கு ஊர்தான். ஆனாலும் சந்தேகத்தின் எடை வெகுவாகக் குறைகிறது.

இரண்டாவது கேள்வி, 40 சதவீதம் பேரின் விவரம் கிடைக்கவில்லையே என்பது. முப்பது ஆண்டுகளில் சிலர் இறந்திருக்கிறார்கள், சிலர் நாட்டை விட்டே போயிருக்கிறார்கள். போனவர்கள் தங்கியவர்களைப் போன்றவர்களாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் குறையை எந்தப் புள்ளியியல் முறையாலும் முழுதாக நீக்க முடியாது. ஆயினும் உள்நாட்டுப் போரைக் கடந்து வந்த ஒரு நாட்டில், ஊர் விட்டு ஊர் பெயர்ந்த கிராமத்து மக்களில் பத்தில் ஆறு பேரை மீண்டும் கண்டெடுத்து விவரம் வாங்கியது பெரிய உழைப்பு.

இன்னொரு திருத்தத்தை ஆய்வாளர்களே சொன்னார்கள். மணிக்கூலி உயர்ந்த அளவுக்கு ஆண்டு வருமானம் உயரவில்லை. அவர்கள் வேலை செய்த நேரம் சற்றுக் குறையும் போக்கும் தெரிந்தது. 46 சதவீதம் என்ற எண்ணை மேடையில் முழங்குபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதோலேயில் புரதமும் கலோரியும் சேர்ந்தே இருந்ததால், இந்த நன்மைகளுக்கு எது காரணம் என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்லவும் முடியாது.

மூன்று வயதுக்கு மேல் பயனில்லை என்றால் பள்ளி உணவு வீண் செலவா என்றும் சிலர் கேட்கிறார்கள். இது ஆய்வு சொல்லாததை அதன் வாயில் திணிப்பது. ஆய்வு அளந்தது ஒரு கஞ்சி வளர்த்தியிலும் பிற்கால அறிவிலும் கூலியிலும் என்ன செய்தது என்பதை. பசியோடு வகுப்பில் உட்காரும் எட்டு வயதுக் குழந்தையின் பசியை ஆற்றுவதும், அதைப் பள்ளிக்கு வரவைப்பதும் வேறு நோக்கங்கள். அவற்றை இந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. கூடுதலாக உணவு தேடுங்கள், அதைச் சீக்கிரம் தொடங்குங்கள் என்பதற்குத்தான் இதில் ஆதாரம் உண்டு. இருக்கும் தட்டைப் பிடுங்குவதற்கு இல்லை.

ஃப்ரெஸ்கோ ஊர்களில் பிறந்த குழந்தைகளுக்கு அநீதி இழைக்கப்பட்டதா என்ற கேள்விதான் என்னை அதிகம் அழுத்துகிறது. எது பயன் தரும் என்பது அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கும் மருத்துவம் முழுமையாகக் கிடைத்தது. அந்தக் காலத்தின் அளவுகோலில் இது நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் விடை தெரிந்த பிறகு உலகம் என்ன செய்தது என்பதை அதே அளவுகோலால் அளக்க வேண்டும். குறுகிய உயரமுள்ள குழந்தைகளின் விகிதத்தில் குவாத்தமாலா இன்றும் லத்தீன் அமெரிக்காவிலேயே மோசமான நிலையில் இருக்கிறது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான முதல் ஆயிரம் நாட்களின் அருமையை உலகுக்குக் கற்றுக்கொடுத்த நாட்டிலேயே இந்த நிலை. இதை ஆய்வின் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. விடை கையில் இருந்தும் கைகட்டி நின்ற அரசுகளின் குறை இது.

பெண்கள் எங்கே?

இதுவரை சொன்ன கூலிக் கணக்கு முழுவதும் ஆண்களுடையது. அது ஏதோ விடுபட்டுப் போனதால் அல்ல. பெண்களிடம் அந்த உயர்வு இல்லை.

இந்த இடத்தில்தான் பதிவேடு நம்மை நிறுத்தி வைக்கிறது. சிறு வயதில் அதோலே கிடைத்த பெண்கள், கிடைக்காதவர்களைவிடப் பள்ளியில் 1.2 வகுப்பு கூடுதலாகப் படித்திருந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனிலும், சொற்களைச் சாராத அறிவுச் சோதனையிலும் ஆண்களைப் போலவே அவர்களும் முன்னேறியிருந்தார்கள். உடல் உண்டு, படிப்பு உண்டு, அறிவு உண்டு. கூலி மட்டும் உயரவில்லை. சம்பாதித்த பெண்களில் பலர் விளைபொருளைப் பக்குவம் செய்து விற்பது போன்ற, சொற்ப வருமானம் தரும் வேலைகளில் இருந்தார்கள். படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் அந்த வேலை ஏறக்குறைய ஒரே காசைத்தான் கொடுக்கும். கோப்பை கொடுத்த திறனை வாங்கிக்கொள்ள அங்கே சந்தை இல்லை.

மணிக்கூலியை மட்டும் பார்க்கும் பொருளாதாரம் இந்தப் பெண்களின் பத்தியில் சுழியம் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கும். குழுவில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண்கள் இப்போது தாய்மார்கள். அவர்களின் பிள்ளைகள் அதோலேயைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. கூடம் மூடிப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். அந்தப் பிள்ளைகளின் பிறப்பு எடையையும் உயரத்தையும் தலைச்சுற்றளவையும் எடுத்து, தாய் குழந்தையாக இருந்தபோது எந்த ஊரில், எந்தக் கோப்பையைக் குடித்தாள் என்பதோடு பொருத்திப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?

ஒரு தாய் தன் இரண்டு வயதுக்குள் குடித்த கஞ்சி, அவள் வயிற்றில் பல ஆண்டுகள் கழித்து உருவான குழந்தையின் எடையில் தெரிய முடியுமா?

*(அடுத்த வாரம்)*